கூழ்ப்பானை கவிழ்ந்திருந்த மூன்று மாதம்

எழுதச் சொன்னவர் ஸ்டெல்லா மேடம். கீழே அரசு மருத்துவமனையில் எங்களைப் போன்றவர்களை உட்காரவைத்துப் பேசும் ஆலோசகர். புதிதாக வருகிறவர்கள் தான் எதைச் சொன்னாலும் நம்புவதில்லை, பட்டவர் எழுதினால் படிப்பார்கள் என்றார். பட்டது நிறைய இருக்கிறது, தெம்புதான் இல்லை. ஒரு பக்கம் எழுதினால் மறுநாள் முழுக்க அசதி. அதனால் வளர்த்தாமல் சொல்லப் பார்க்கிறேன். பெயர் போடவில்லை. கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுக்காரன், வயது நாற்பத்து நான்கு, உடம்பில் எச்.ஐ.வி. கிருமி உள்ளவன். இது போதும்.

இருபத்தைந்து வயதில் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலைக்குப் போனேன். எங்கள் மலையிலிருந்து அப்படிப் போனவர்கள் பலர். வடக்கே மொழி தெரியாத ஊர்களில் வருஷத்தில் பத்து மாதம் கிடப்போம். அங்கே நான் ஒழுங்காக இருக்கவில்லை. யார் தலையிலும் அந்தப் பழியைக் கட்ட நான் தயாராக இல்லை, தப்பு என்னுடையது. பிறகு ஊரோடு வந்து மிளகும் குச்சிக்கிழங்கும் போட்டுக்கொண்டு பழசையெல்லாம் மறந்து இருந்தேன். இப்படி எட்டு வருஷம் ஓடியது.

போன ஐப்பசியில் காய்ச்சல் ஆரம்பித்தது. விட்டு விட்டு வரும். கூடவே வயிற்றுப்போக்கு. சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் நழுவியது. மார்கழியில் நாக்கிலும் தொண்டையிலும் மாவு பூசினாற்போல் வெள்ளை படர்ந்தது. எச்சில் விழுங்கினாலே முள் இறங்குகிற மாதிரி இருக்கும். என் மனைவி வெள்ளையம்மா எனக்குக் கஷாயம் வைத்தாள், கோயிலில் காசு முடிந்துவைத்தாள், கடைசியில் என்னைத் தூக்காத குறையாக பஸ்ஸில் ஏற்றினாள். மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்குவதற்குள் நான் எடுத்த வாந்தியை அவள் தன் முந்தானையில் ஏந்திக்கொண்டாள். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய் நின்றுகொண்டார்.

கீழே முதலில் ஒரு தனியார் கிளினிக்கில் குளுகோஸ் ஏற்றினார்கள். ஏற்றினார்கள், ஏற்றினார்கள், ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். அங்கிருந்த ஒரு நர்ஸம்மாதான் இரக்கப்பட்டு, பெரியாஸ்பத்திரிக்குப் போய் எல்லா டெஸ்ட்டும் எடுங்கள் என்று காதோடு சொன்னார். பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற அந்த அறைக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். பெயர் என்னவோ நம்பிக்கைதான். அதன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்றரை மணி நேரத்தில் மிச்சமிருந்த நம்பிக்கையும் போய்விட்டது. பெஞ்சில் இருந்த ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எதிரே சுவரில் இருந்த ஒரு நெருப்பு அணைக்கும் சிலிண்டரையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முடிவைச் சொன்னவர் ஸ்டெல்லா மேடம். "ஐயா, உங்க வீட்டம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார். நீங்களே சொல்லுங்கள் என்று கோழையைப் போல் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கதவு திறந்து வெள்ளையம்மா வந்தபோது அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவளுக்கும் ரத்தம் எடுத்திருந்தார்கள். "டீ குடிக்கறீங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். மறுநாள் அவளுக்குக் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை எடுக்கச் சொன்னார்கள். எனக்கு அப்போது வந்த அழுகையை ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. அவள் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. நாலு பேர் முன்னால் செருப்பால் அடித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

வார்டில் பத்தொன்பது நாள் கிடந்தேன். மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளிடம் வயிற்றுப்புண் என்று சொல்லிவைத்தோம். ரத்தத்தில் இருக்கும் காவல் அணுக்களை எண்ணிப் பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு. ஆரோக்கியமான ஆளுக்கு அது ஐந்நூறுக்கு மேல் இருக்குமாம். எனக்கு நூறுகூட இல்லை. அதனால்தான் தொண்டையில் பூஞ்சை படர்ந்திருக்கிறது என்றார்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தவும் தொண்டையை ஆற்றவும் முதலில் மருந்து கொடுத்தார்கள். ஊசி குத்திக் குத்தி நரம்பு ஒளிந்துகொண்டது. ராத்திரி பகல் வித்தியாசம் தெரியாமல் தூங்கினேன், விழித்தேன், மறுபடி தூங்கினேன். எப்போது கண் திறந்தாலும் வெள்ளையம்மா கட்டிலுக்கடியிலோ கால்மாட்டிலோ இருந்தாள். அவள் மலையை விட்டு இறங்கினதே நாலைந்து தடவைதான். அவள் இப்போது லிப்டில் போய் வந்தாள், ஸ்கேன் சீட்டு வாங்கினாள், வெந்நீருக்கு வரிசையில் நின்று சண்டை போடவும் கற்றுக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் என்று நினைக்கிறேன், டாக்டர் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தென்கோடி மாவட்டத்துக்காரர். தங்கமான மனிதர், ஆனால் தமிழ்ப் பற்று கொஞ்சம் அதிகம். என்சைம் என்கிற வார்த்தை அவர் வாயில் வரவே வராது, நொதி என்பார். கிருமிக்கான மாத்திரையை ஆரம்பிப்பதற்கு முன் விவரம் சொல்ல வந்திருந்தார். எனக்குக் காய்ச்சலில் கண் சொருகியது. வெள்ளையம்மாதான் பக்கத்தில் நின்று கண் இமைக்காமல் கேட்டாள்.

"அம்மா, இந்தக் கிருமிக்குத் தனியா பெருகத் தெரியாது. நம்ம காவல் அணுவுக்குள்ள போய் உக்காந்துகிட்டு, அங்க இருக்கிற சாமானை எடுத்துத் தன்னை மாதிரியே இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு செஞ்சுகிட்டே போகும். அந்தச் சாமானைச் செஞ்சு குடுக்கிறது எது தெரியுமா? நம்ம அணுவுக்குள்ளயே இருக்கிற ஒரு நொதி."

"நொதிங்களா?"

"ஆமாம்மா, நொதி. அது வெளியில இருந்து வர்றதில்ல, நம்மகிட்டயே இருக்கிறது. அந்த நொதியைத் தடுத்தா கிருமிக்குச் சாமான் கிடைக்காது. பெருகறது மந்தமாயிரும்."

"நம்மகிட்ட இருக்கற நொதியத் தடுத்துப்போட்டா கிருமி அடங்கிருங்களா?"

"மட்டுப்படும். ஆனா..."

அந்த நேரம் பார்த்து, ரத்தக் குழாயை லேபில் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் யார் என்று நர்ஸம்மா கூப்பிட்டார். வெள்ளையம்மா ஓடினாள். மிச்சத்தை டாக்டர் என்னிடம் சொன்னார். அது நம் சொந்த நொதி, அதைத் தடுத்தால் கிருமியோடு சேர்ந்து நல்ல அணுக்களும் பட்டினி கிடக்கும். அந்த வழியையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள், ஆனால் உங்களுக்குக் கொடுக்கப் போகிற மாத்திரை அதுவல்ல. இது கிருமி தன்னோடு கொண்டுவருகிற நொதிகளை மட்டும் தடுக்கும். தினம் ஒன்று, ஒரு நாளும் தவறக் கூடாது. விட்டுவிட்டுப் போட்டால் கிருமி மருந்தைப் பழகிக்கொள்ளும், அப்புறம் மருந்து கேட்காது. நான் சரிங்க, சரிங்க என்றேன். அதில் எனக்குப் பாதிதான் ஏறியது. வெள்ளையம்மா திரும்பி வந்து டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டபோது, "தினம் மாத்திரை போடோணுமாம்" என்றதோடு திரும்பிப் படுத்துக்கொண்டேன். அப்போது இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே இல்லை.

மாசியில் வீடு திரும்பினோம். வந்த மறுநாளே கூழ்ப்பானை வேலிக்கம்பில் கவிழ்ந்து தொங்கியது.

எங்கள் வீட்டுக் கூழ்ப்பானையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அது காலியானதில்லை. அடியில் ஒரு கரண்டி பழசை விட்டுவைத்து அதிலேயே புது ராகி மாவைக் கரைத்துப் புளிக்கவைப்பாள். காலையில் அந்தக் கூழைத் தூக்குப்போசியில் ஊற்றிக்கொண்டு இருவரும் காட்டுக்குப் போவோம். டம்ளர் எல்லாம் கிடையாது, போசியின் மூடிதான். அவள் ஒரு மூடி, நான் ஒரு மூடி, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். ரிக் வண்டியில் இருந்த வருஷங்களில் எனக்கு வீட்டு நினைப்பு என்றால் அந்த மூடியின் நினைப்புதான்.

அந்தப் பானையைக் கவிழ்த்துவிட்டு, எனக்குத் தினமும் சுடச்சுடச் சோறு வடித்துத் தனிப் போசியில் போட்டுக் கொடுத்தாள். தனி மூடி. அவள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்பாள். கூழ் எங்கே என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "அது வேண்டாமுங்க இனிமே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தேன். என் வாய் பட்ட மூடியில் அவள் வாய் படக் கூடாது. தட்டு, டம்ளர், கூட உட்கார்ந்து சாப்பிடுவது இதிலெல்லாம் கிருமி ஒட்டாது என்று ஸ்டெல்லா மேடம் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். வெள்ளையம்மாவும் தலையாட்டித்தான் கேட்டாள். ஆனால் காதில் போவது வேறு, மனசு கேட்பது வேறு அல்லவா. அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. இப்படி நினைத்து நினைத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்தேன். பக்கத்து வீட்டுப் பாப்பா அக்கா இட்லி மாவு கொண்டுவந்தபோது வெள்ளையம்மா வாசலிலேயே சண்டை போட்டு அனுப்பினாள். சரி, என்னால் மனுஷர்கள் வீட்டுக்கு வருவதைக்கூட வெறுக்கிறாள் என்று நினைத்தேன். மரத்தில் முதலில் பழுத்த பலாவை வீட்டுக்குள் கொண்டுவராமல் மாட்டுக்குப் போட்டாள். நல்லது பொல்லாதது என்னோடு சாப்பிட அவளுக்கு மனசு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். மோருக்குக்கூட உறை ஊற்றவில்லை. இளைத்தும் போய்விட்டாள். மனக்கவலை, வேறென்ன.

சந்தேகம் வந்துவிட்டால் கயிறெல்லாம் பாம்புதான். வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

இரண்டு மாதம் நான் மட்டும் தனியாகப் போய் மாத்திரை வாங்கிவந்தேன். மிளகு பறிப்பு நடந்ததால் அவளால் வர முடியவில்லை. மூன்றாம் மாதம் ஒரு நாள் சாயங்காலம் மாத்திரை டப்பாவைத் திறந்து கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு மூடிக் கூழை என்னோடு பங்குபோட ஆள் இல்லாத வீட்டில் இதை விழுங்கி யாருக்காக இழுத்துக்கொண்டு கிடப்பது என்று தோன்றியது. டப்பாவை மூடிவைத்தேன். மறுநாளும் போடவில்லை. இப்படிப் பன்னிரண்டு நாள். இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம் இதுதான், ரிக் வண்டிக் காலத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அங்கே செய்தது அறியாமல் செய்தது. இது டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டுச் செய்தது.

வைகாசியில் அவளுக்கு இரண்டாவது ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டியிருந்ததால் இருவரும் சேர்ந்து போனோம். முதலில் எடை பார்த்தார்கள். எனக்கு ஏறவில்லை, இறங்கியிருந்தது. ஸ்டெல்லா மேடம் சும்மா வெள்ளையம்மாவையும் ஏறச் சொன்னார். அவளும் ஆறு கிலோ இறங்கியிருந்தாள். பிறகு என் டப்பாவைத் திறந்து மாத்திரைகளைத் தட்டில் கொட்டி எண்ணினார். அங்கே அது வழக்கம். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

"பன்னெண்டு கூடுதலா இருக்கே, ஐயா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டரும் தன் மேசையிலிருந்து நிமிர்ந்தார். வெள்ளையம்மாவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் எழுந்துவிட்டாள்.

"மாத்திரைய நிறுத்திப்போட்டீங்களா? ஏனுங்க, நான் மூணு மாசமா ஒரு வாய்க் கூழு குடிக்காம கெடக்கறேன். பானையக் கவுத்து வேலியில மாட்டிட்டேன். பலாப்பழத்த ஊட்டுக்குள்ள சேத்தல. மாவு கொண்டாந்த அக்காள வாசல்லயே வெச்சுப் பேசி அனுப்பிட்டேன், அது இன்னும் எங்கூடப் பேசறதில்ல. எல்லாம் இந்தக் கிருமி அடங்கோணும்னுதான? நீங்க நோகாம மாத்திரைய நிறுத்துனீங்களா?"

அத்தனை நாளும் வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டருக்கும்தான்.

"கூழை ஏம்மா நிறுத்தினீங்க?"

"நீங்கதானுங்க சொன்னீங்க. நம்மகிட்ட இருக்கற நொதியத் தடுத்தா கிருமி பெருகாதுன்னு. எங்க ஊட்டுல மொதல்ல நொதிக்கறது கூழுதானுங்க. அப்பறம் மாவு, மோரு, பழுத்த பலா."

எங்கள் வீட்டில் கூழ் நுரைத்துப் பொங்கி வந்தால் நொதிச்சிருச்சு என்போம். ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. அதுதான் இது என்று எனக்கு உறைக்கவே இல்லை. ஸ்டெல்லா மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா தெரியாது. டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "தப்பு என்மேலதாம்மா. என்சைம்னே சொல்லித் தொலைச்சிருக்கலாம்" என்றார்.

பிறகு முதலிலிருந்து சொன்னார், இந்த முறை யார் கூப்பிட்டும் அவளைப் போக விடாமல். அந்த நொதி கண்ணுக்குத் தெரியாதது, சட்டிபானையில் இருப்பதல்ல, அதைத் தடுக்கிற வேலை உங்களுடையதல்ல என்றார். சொந்த நொதியைத் தடுத்தால் நல்லதும் பட்டினி கிடக்கும் என்று அன்றைக்கு அவர் சொன்ன பாதி எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. ஆறு கிலோ இறங்கி நிற்கிறவளைப் பார்த்தேன். கிருமி என்னுடையது, பட்டினி கிடந்தவள் அவள்.

"அப்ப கூழு குடிக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

"கொதிக்கவச்சு ஆறின தண்ணியில கரைச்சு, சுத்தமா வச்சு, ரெண்டு பேரும் தாராளமா குடிங்க."

"ரெண்டு பேரும் ஒரே மூடியிலயா?" இதைக் கேட்டவன் நான். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அதனால் ஒன்றும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தபோது வெள்ளையம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள்.

அன்றிலிருந்து மாத்திரையை மறுபடி தொடங்கினேன். பஸ் பாதி மலை ஏறியிருந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உங்க வாய் பட்டதத் தொடமாட்டேன்னு நெனச்சுட்டீங்களா?"

நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இதே பஸ்ஸுல உங்க வாந்திய முந்தானையில வாங்குனவ நானு. நான் மட்டும் கூழு குடிச்சா உங்களுக்கு ஆசையா இருக்குமேன்னு நானும் உட்டுட்டேன். அரிசி ஒருத்தருக்குத்தான் காணும், அதான் உங்களுக்கு மட்டும் தனியா வடிச்சுப் போட்டேன்."

"எம்மேல உனக்குக் கோவம் இல்லியா, புள்ள?"

"இல்லாம என்னங்க? இருக்குது. சாகறமட்டும் இருக்கும்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள். "கோவம் வேறங்க, கூழு வேற."

வீட்டுக்கு வந்ததும் பானையை இறக்கிக் கழுவினாள். புளிக்கவைக்கப் பழங்கூழ் ஒரு கரண்டி வேண்டும். அதற்குப் பாப்பா அக்காவிடமே போய்ப் பத்து நிமிஷம் வாங்கிக்கட்டிக்கொண்டு, கரண்டிக் கூழையும் வாங்கிவந்தாள்.

அவளுக்கு இரண்டாவது பரிசோதனையிலும் கிருமி இல்லை. எனக்கு மாத்திரை ஆரம்பித்துச் சில மாதங்கள் சென்றபின் ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று சீட்டு வந்தது. அந்தப் பன்னிரண்டு நாளை உடம்பு மன்னித்துவிட்டது. எல்லா உடம்பும் மன்னிக்காது என்று டாக்டர் எச்சரித்தார். கிருமி போய்விடவில்லை, அடங்கிக் கிடக்கிறது. ஆயுசுக்கும் மாத்திரை உண்டு. களைப்பும் உண்டு. இதையெல்லாம் ஸ்டெல்லா மேடம் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

ஆனால் எனக்கு ரிசல்ட் வந்த நாள் அதுவல்ல. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாலாம் நாள் குச்சிக்கிழங்குக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏறியதும் வெள்ளையம்மா வரப்பில் உட்கார்ந்து போசியைத் திறந்தாள். மூடியில் கூழை ஊற்றி முதலில் அவள் குடித்தாள். பாதி குடித்துவிட்டு, மூடியைத் துடைக்காமல் அப்படியே என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக் குடித்தேன். மூன்று நாள் புளித்த கூழ். தொண்டையில் எங்கேயும் குத்தாமல் இறங்கியது.

அவள் வெங்காயத்தை உரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, கண்ணுல தண்ணி வருது? புளிப்பு ஏறிப்போச்சுங்களா?"

"ஆமா, புள்ள," என்றேன். "கொஞ்சம் புளிப்பு ஜாஸ்திதான். இன்னொரு மூடி ஊத்து."